ஒரே தீவனச் சாக்கு: செம்மறி மந்தையில் தாமிர நச்சு – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கறவை மாடுகளையும் செம்மறிகளையும் ஒரே வளாகத்தில் வளர்த்த ஒரு குடும்பப் பண்ணை. 64 பெட்டை ஆடுகள், 3 கிடாக்கள், 11 கறவை மாடுகள், சில கன்றுகள். ஆடுகளிலிருந்து இரண்டு வகையில் வருமானம்: இறைச்சிக்குப் போகும் குட்டிகள் ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறை கத்தரிக்கும் ரோமம் மற்றொன்று. மாடுகளைக் கணவர் பார்த்துக்கொண்டார். ஆட்டுப் பட்டி முழுக்க மனைவியின் பொறுப்பு.

சாவுகள் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஐந்து மாதங்களுக்கு முன்பு அங்கே ஒரு சிறிய மாற்றம் நடந்தது. ஆடுகளுக்கென்று தனியாக வாங்கிய அடர்தீவனத்தை நிறுத்திவிட்டு, கன்றுகளுக்கு வாங்கும் தீவனத்தையே ஆடுகளுக்கும் போட ஆரம்பித்தார்கள். காரணம் புரியாதது அல்ல. ஒரே வகைச் சாக்கு, ஒரே இருப்பறை, அளந்து போடுவதில் குழப்பமில்லை. புரதமும் பழைய ஆட்டுத் தீவனத்தைவிடக் கூடுதல். அதே சமயத்தில் மாடுகளுக்கான தாது உப்புத் தூளை ஒரு தட்டில் கொட்டி ஆட்டுக் கொட்டகையிலும் வைத்தார்கள். மழைக்காலத்தில் குளம்பு அழுகல் வந்ததால், மேய்ச்சலுக்குப் போகும் வழியில் மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசல் நிரப்பிய ஒரு தொட்டியும் சேர்ந்தது. ஆடுகள் அதில் இறங்கிக் கால் நனைத்துத்தான் வெளியே போக வேண்டும்.

ஆடுகள் நன்றாகத் தேறின. எடை கூடியது. குட்டி ஈனுவதற்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போது ரோமம் கத்தரித்தார்கள். கிடைத்த ரோமம் முந்தைய ஆண்டைவிட எடையாக இருந்ததாக இருவருமே சொன்னார்கள். தீவன மாற்றத்தைச் சந்தேகிக்க அதுவரை யாருக்கும் ஒரு காரணமும் இல்லை.

முதல் சாவுகள்

ரோமம் கத்தரித்த நான்காம் நாள் இரவு குளிர்காற்றோடு கனத்த மழை. ஆடுகள் திறந்த பட்டியில் நனைந்தன. இரண்டு நாள் கழித்து ஒரு பெட்டை தீவனத்துக்கு எழுந்து வரவில்லை. தலையைத் தொங்கவிட்டு நின்றது, மறுநாள் காலை செத்துக் கிடந்தது. கத்தரித்த உடம்பில் குளிர் தாக்கிவிட்டது என்று எண்ணிப் புதைத்துவிட்டார்கள். அந்த எண்ணத்தில் தவறு சொல்ல முடியாது, புதிதாகக் கத்தரித்த ஆடுகள் குளிரில் சாவது நடப்பதுதான்.

அடுத்த சில நாட்களில் இன்னும் இரண்டு. மூன்றாவது ஆடு சாவதற்கு முன் பட்டியின் வைக்கோல் மேல் சிறுநீர் கழித்ததை அந்த அம்மா பார்த்திருக்கிறார். "டீ டிக்காஷன் மாதிரி இருந்துச்சு டாக்டர், இல்ல, அதையும்விடச் சிவப்பு" என்றார் தொலைபேசியில். அந்த ஒரு வரிதான் இந்த வழக்கைக் குளிரிலிருந்து வேறு பக்கம் திருப்பியது. சிவப்புச் சிறுநீர் என்றால் ரத்தச் சிவப்பணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைகின்றனவா என்ற கேள்வி உடனே எழுந்தாக வேண்டும்.

பட்டியில் கண்டது

நான் போனபோது மேலும் இரண்டு ஆடுகள் நோயில் இருந்தன. ரோமம் புதிதாகக் கத்தரித்திருந்தது ஒரு வகையில் உதவியது. வழக்கமாகக் கண்ணின் கீழிமையையும் ஈறையும் புரட்டித்தான் மஞ்சள் பார்ப்போம். இங்கே தொடையின் உட்பக்கத் தோலிலேயே அழுக்கு மஞ்சள் தெரிந்தது. கீழிமை சிவப்பாகவோ வெளிறியோ இல்லை. பழுப்பு கலந்த மஞ்சள். மூச்சு வேகமாக இருந்தது, அசைபோடுதல் நின்றிருந்தது. காய்ச்சல் இல்லை. ஊசியில் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்துக்கு இருண்டிருந்தது. கிளறி விட்டும் சிவக்கவில்லை.

கூட்டத்தின் மற்ற ஆடுகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஒரு செய்தி மட்டும் உறுத்தியது. செத்த மூன்றும் நோயிலிருந்த இரண்டும் நல்ல சதைப்பிடிப்புள்ளவை. தொற்றோ குடற்புழுவோ என்றால் பெரும்பாலும் மெலிந்தவை முதலில் விழும். இங்கே கொழுத்தவை விழுந்துகொண்டிருந்தன. எந்த ஆடுகள் தொட்டியில் முந்தி நின்று தின்னும் என்று கேட்டேன். அந்த அம்மா விரல் நீட்டிக் காட்டியவற்றில் நோயிலிருந்த இரண்டும் இருந்தன.

நோய்ப்பட்ட இரண்டில் ஒன்று அன்று மாலையே செத்தது. அதை அங்கேயே அறுத்துப் பார்த்தோம். சிவப்புச் சிறுநீருக்கு இன்னொரு காரணமாகச் சந்தேகிக்க வேண்டிய லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டோம், சிறுநீர்ப்பையைத் திறக்கும்போது யாரையும் அருகில் விடவில்லை. தோலுக்கடியில் கொழுப்பெல்லாம் மஞ்சள். கல்லீரல் சற்று வீங்கி, எளிதில் நொறுங்கும் பதத்தில், வெங்கல மஞ்சளாக இருந்தது. மண்ணீரல் பெரிதாகிக் கறுத்திருந்தது. சிறுநீரகங்கள் இரண்டும் உலோகப் பளபளப்போடு கருநீலமாக இருந்தன. வெட்டினால் உள்ளேயும் அதே நிறம். சிறுநீர்ப்பையில் கருஞ்சிவப்புச் சிறுநீர். இந்தச் சிறுநீரகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். துப்பாக்கி இரும்பின் நிறம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

எதையெல்லாம் விலக்கினோம்

சிவப்பணு உடைந்து காமாலை வரும் நோய்கள் பல. உண்ணிகள் பரப்பும் பேபிசியாவில் கடுங்காய்ச்சல் இருக்கும். இங்கே காய்ச்சலும் இல்லை, ரோமம் போன உடம்பில் உண்ணியும் கண்ணில் படவில்லை, நுண்ணோக்கியில் பார்த்த ரத்தப் பூச்சில் ஒட்டுண்ணியும் இல்லை. அதே பூச்சில் சிவப்பணுக்களின் ஓரத்தில் சிறு மணிகள்போல் ஹைன்ஸ் உடல்கள் தெரிந்தன. அவை ஆக்சிஜனேற்றத்தால் சிவப்பணு சிதைந்ததற்கான அடையாளம், தொற்றுக்கானது அல்ல. லெப்டோஸ்பைராவுக்குச் சிறுநீரும் சிறுநீரகத் துண்டும் அனுப்பினோம், பின்னால் இல்லை என்றே வந்தது. வெங்காயக் கழிவு, முட்டைக்கோசு வகைப் பயிர்கள் ஆகியவையும் இப்படிச் செய்யும். பண்ணையில் இரண்டும் இல்லை. கல்லீரலை அரிக்கும் களைகள் மேய்ச்சல் நிலத்தில் உண்டா என்று நடந்து பார்த்தோம். அதுவும் முக்கியம், ஏனென்றால் அப்படிப்பட்ட களையால் கல்லீரல் கெட்டிருந்தால் சாதாரண அளவுத் தாமிரமே ஆட்டுக்கு நஞ்சாகிவிடும். அப்படி எதுவும் தென்படவில்லை.

மீதி நின்றது நாட்பட்ட தாமிர நச்சு. ஆய்வகம் உறுதி செய்யச் சில நாளாகும். கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளையும் தீவனம், தாது உப்பு, புல் மாதிரிகளையும் அனுப்பினோம்.

அன்றே எடுத்த முடிவுகள்

ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்கலாமா என்று பண்ணைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். நோய் தாமிரத்தால் இல்லாவிட்டால், ஒரு வாரம் தீவனத்தை மாற்றியதால் பெரிய நட்டமில்லை. தாமிரத்தால்தான் என்றால், ஒவ்வொரு நாளும் இன்னொரு பிடி சேர்ந்துகொண்டிருக்கிறது. கன்றுத் தீவனமும் தாது உப்புத் தட்டும் அன்று மாலையே ஆட்டுக் கொட்டகையிலிருந்து வெளியேறின. மயில்துத்தத் தொட்டி காலியானது. அதைச் சாக்கடையிலோ மேய்ச்சலிலோ கொட்டாமல் தனியாகப் பிடித்து வைக்கச் சொன்னேன்.

ஆனால் ஒரு சிக்கல். ஆடுகள் சினையின் கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தன, பாதிக்கு மேல் இரட்டைக் குட்டி. இந்த நேரத்தில் அடர்தீவனத்தைச் சட்டென நிறுத்தினால், ஆடு தன் உடல் கொழுப்பை வேகமாகக் கரைத்துச் சினைக்கால நச்சு நோயில் விழும். கல்லீரல் ஏற்கெனவே தள்ளாடும் கூட்டத்தில் அது இரட்டை அடி. அதுமட்டுமல்ல, பட்டினியே கல்லீரலில் தேங்கிய தாமிரத்தை வெளியே தள்ளும் தூண்டுதல்களில் ஒன்று. ஆகவே தீவனத்தை நிறுத்தவில்லை, மாற்றினோம். தாமிரம் குறைவான முழு மக்காச்சோளம், நல்ல உலர்புல், புரதத்துக்குக் கொஞ்சமாகச் சோயாப் பிண்ணாக்கு. சோயாவிலும் தாமிரம் உண்டு, அதனால்தான் கொஞ்சமாக. மக்காச்சோளத்தைத் திடீரென்று நிறையக் கொடுத்தால் வயிறு புளித்துவிடும் என்பதால் சில நாட்களில் படிப்படியாக ஏற்றினோம்.

மூன்றாவது முடிவு, ஆடுகளை அலைக்கழிக்காமல் விடுவது. அந்த வாரம் திட்டமிட்டிருந்த தடுப்பூசியும் குளம்பு வெட்டுதலும் தள்ளிப்போயின. மந்தையிலிருந்து கழிக்கும் ஆடுகளை விற்க வண்டி ஏற்பாடாகியிருந்தது, அதையும் நிறுத்தினோம். பயணமே அவற்றைச் சாய்த்திருக்கலாம். தப்பினாலும், தாமிரம் தேங்கிய ஈரல் யாருடைய சட்டிக்கும் போகக் கூடாது. பண்ணைக்காரருக்கு இந்த முடிவுதான் கசந்தது. விற்றிருந்தால் கொஞ்சம் காசாவது பார்த்திருக்கலாம் என்று அவர் நினைத்தது இயல்பு.

தாமிரம் எங்கிருந்து வந்தது

முடிவுகள் வந்தபோது செத்த ஆட்டின் கல்லீரலில் ஈர எடையில் கிலோவுக்கு 290 மி.கி. தாமிரம். சிறுநீரகத்தில் 38 மி.கி. கல்லீரலில் 150, சிறுநீரகத்தில் 15 ஆகிய அளவுகளைத் தாண்டினாலே நோயறிகுறிகளோடு சேர்த்துத் தாமிர நச்சு என்று முடிவுகட்டலாம். இரண்டுமே அதற்கு இருமடங்கை ஒட்டியோ தாண்டியோ இருந்தன.

தீவனச் சாக்கின் சீட்டில் தாமிரம் கிலோவுக்கு 25 மி.கி. என்றிருந்தது. பரிசோதனையில் 40 வந்தது. பண்ணைக்காரர் கம்பெனி ஏமாற்றிவிட்டதாகக் கோபப்பட்டார். அப்படியில்லை. சீட்டில் எழுதுவது தயாரிப்பவர் தனியாகச் சேர்த்த தாமிரம். பிண்ணாக்கு, தவிடு போன்ற மூலப்பொருட்களுக்குள் இயல்பாகவே இருப்பது அந்தக் கணக்கில் வராது. கன்றுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. ஆட்டுக்கு அதுதான் எல்லாமே.

ஓர் ஆட்டின் ஒரு நாள் கணக்கை உட்கார்ந்து போட்டோம். 50 கிலோ பெட்டை சுமார் 1.5 கிலோ உலர்பொருள் தின்கிறது என்று வைத்தோம். அதில் அடர்தீவனம் 400 கிராம்: 16 மி.கி. தாமிரம். புல்லும் வைக்கோலும் 1.1 கிலோ, கிலோவுக்கு 7 மி.கி. வீதம்: ஏறக்குறைய 8 மி.கி. மாட்டுத் தாது உப்பில் கிலோவுக்கு 1,200 மி.கி. தாமிரம் இருந்தது. தட்டு காலியாகும் வேகத்தை வைத்துப் பார்த்தால் தலைக்கு 10 கிராம்: 12 மி.கி. மொத்தம் 36. அதாவது உணவின் உலர்பொருளில் கிலோவுக்கு 24 மி.கி. ஆடுகளுக்கான பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவாக அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2005-இல் கொடுத்த அளவு 15. மாடுகளுக்கு அதே கழகம் கொடுத்தது 40.

சராசரிக் கணக்கு இது. முந்தித் தின்ற ஆடுகளுக்கு இதைவிட நிச்சயம் கூடுதல்.

அப்புறம் அந்தத் தொட்டி. மயில்துத்தத்தின் எடையில் கால்பங்கு தாமிரம். 5 விழுக்காட்டுக் கரைசல் என்றால் லிட்டருக்கு 50 கிராம் துத்தம், அதில் சுமார் 12.5 கிராம் தாமிரம். ஒரு மில்லிலிட்டரில் 12.5 மி.கி. ஆக, ஓர் ஆடு தொட்டியில் வாய் வைத்து மூன்று மில்லிலிட்டர் நக்கினாலே முழு நாளின் தீவனத்தில் வரும் அளவுக்குத் தாமிரம் உள்ளே போய்விடும். தொட்டியைத் தாண்டியவுடன் புல்தரை; ஆடுகள் உதறிய கரைசல் அங்கே தெறித்துப் புல்லில் நீலப் பொட்டாகக் காய்ந்திருந்ததை நாங்களே பார்த்தோம். இந்த வழியில் எவ்வளவு போனது என்று எண்ணால் சொல்ல முடியாது. கூட்டலில் நான் இதைச் சேர்க்கவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

புல்லின் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: மாலிப்டினம் என்ற தாதுப்பொருள் குறைவு, கிலோவுக்கு 1 மி.கி.க்கும் கீழே. ஆட்டின் முதல் வயிற்றில் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்து தாமிரத்தைக் கட்டிப்போடுகின்றன, கட்டுண்ட தாமிரம் உறிஞ்சப்படாமல் சாணத்தோடு போகிறது. தாமிரத்துக்கும் மாலிப்டினத்துக்கும் விகிதம் 6-க்கு 1 என்ற அளவை ஒட்டி இருந்தால் நிம்மதி, 10-ஐத் தாண்டினால் கவலை. இங்கே 24-ஐத் தாண்டியிருந்தது. மண் வேறாக இருந்திருந்தால், இதே சாக்கு இதே ஆடுகளை இவ்வளவு சீக்கிரம் கொன்றிருக்காது.

இந்த மூலங்களில் எது குற்றவாளி என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். தீவனத்தை மட்டும் போட்டிருந்தால் உணவின் மொத்தத் தாமிரம் வரம்பைச் சற்றே தொட்டிருக்கும். உப்பு மட்டும் என்றால் அதைவிடக் குறைவு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து "இதில் அப்படியொன்றும் அதிகமில்லையே" என்று கடந்துவிடலாம். மொத்தத்தை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

மாடுகளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை

"ஒரே தீவனந்தானே டாக்டர் ரெண்டும் தின்னுது? மாடு கன்னெல்லாம் ஜம்முனு இருக்கே?" அந்த அம்மா கேட்ட இந்தக் கேள்விதான் இந்த நிகழ்வின் நடுப்புள்ளி.

மாட்டின் கல்லீரல் மிகுந்த தாமிரத்தைப் பித்தநீரில் ஓரளவு நன்றாகவே கழித்துவிடும். அதிலும் எல்லை உண்டு, மாடும் தாமிர நச்சில் சாகும். ஆனால் அந்த எல்லை தொலைவில் இருக்கிறது. செம்மறியின் கல்லீரலுக்கு அந்தக் கழிக்கும் திறன் குறைவு. அது தாமிரத்துக்கு ஓர் உண்டியல்: போட்டதெல்லாம் உள்ளேயே நிற்கும், உடையும்போதுதான் வெளியே கொட்டும். வளர்ந்த ஆடு தின்னும் தாமிரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உறிஞ்சுகிறது என்றாலும், ஐந்து மாதத்தில் அந்தச் சொற்பமே மலையாகிவிடும்.

செம்மறிகளுக்குள்ளும் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. மெரினோ ஓரளவு தாங்கும், டெக்சல் அவ்வளவாகத் தாங்காது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஒரு தீவில் கடற்பாசியைத் தின்றே வாழப் பழகிய நார்த் ரொனால்ட்சே ஆடுகளுக்குச் சாதாரணப் புல்லில் உள்ள தாமிரமே ஆபத்தாகும் அளவுக்கு அவற்றின் உடல் தாமிரத்தை இறுகப் பிடித்து வைக்கும்.

தேங்கும் காலத்தில் ஆடு நோயாளியாகவே தெரியாது. கல்லீரல் செல்கள் தாமிரத்தைச் சிறு பைகளில் அடைத்து வைக்கின்றன. அவை நிரம்பிச் செல்கள் சாகத் தொடங்கும்போது ரத்தத்தில் ஏஎஸ்டி, ஜிஜிடி என்ற கல்லீரல் நொதிகள் ஏறும், வெளியே ஓர் அறிகுறியும் இருக்காது. அந்த நிலையில் ஏதேனும் ஓர் அதிர்ச்சி வந்தால், இங்கே கத்தரிப்பும் குளிர்மழையும் சேர்ந்து வந்ததுபோல், ஏராளமான செல்கள் ஒருசேர உடைந்து தாமிரம் ரத்தத்தில் கொட்டுகிறது. சிவப்பணுக்கள் சிதைகின்றன, மீதியுள்ள ஹீமோகுளோபினும் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத வடிவுக்கு மாறுகிறது; ரத்தம் சாக்லேட் நிறமானது அதனால்தான். உடைந்த ஹீமோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கிறது. இந்தக் கட்டத்துக்கு வந்த ஆடுகளில் முக்கால்வாசிக்கு மேல் பிழைப்பதில்லை, பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

சிகிச்சை

நோயில்லாததுபோல் தெரிந்த 59 ஆடுகளில் 12-க்கு ரத்தம் எடுத்தோம். 7-இல் கல்லீரல் நொதிகள் தெளிவாக ஏறியிருந்தன. ரத்தத்தில் தாமிர அளவோ ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் இயல்பு. ரத்தத் தாமிரத்தை மட்டும் சோதித்திருந்தால் மந்தை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டியிருப்போம். அது கல்லீரல் உடையும்வரை ஏறாது.

மருந்து அமோனியம் மாலிப்டேட்டும் சோடியம் சல்பேட்டும். வாய்வழியாகத் தலைக்கு நாளொன்றுக்கு முறையே 100 மி.கி., 1 கிராம், மூன்று வாரம். மேலே சொன்ன மாலிப்டினம்–கந்தகக் கட்டுதலை மருந்தாகப் பயன்படுத்துவதுதான் இது. இறைச்சிக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு இதற்கு எல்லா நாட்டிலும் அனுமதி இல்லை. கால்நடை மருத்துவர் பொறுப்பேற்று, எவ்வளவு காலம் இறைச்சிக்கு விற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்த பின்னரே தர வேண்டும். அப்படியே செய்தோம்.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் யோசனை நீண்டது. தினமும் 59 ஆடுகளைப் பிடித்து வாயில் ஊற்றினால் அளவு சரியாகப் போகும், ஆனால் பிடிப்பதே அவற்றுக்கு அதிர்ச்சி. நாம் தவிர்க்க நினைக்கும் அதே தூண்டுதல். தீவனத்தில் தெளித்தால் அலைச்சல் இல்லை, ஆனால் முந்தித் தின்பவை அதிகமும் ஒதுங்கி நிற்பவை குறைவும் பெறும். நடுவழி ஒன்று எடுத்தோம். நொதி ஏறிய 7 ஆடுகளையும், அந்த அம்மா முந்தித் தின்பவை என்று அடையாளம் காட்டியவற்றையும் சேர்த்து 22 ஆடுகளுக்குத் தனிக் கொட்டிலில் கையால் ஊற்றினோம். மற்றவற்றுக்கு மக்காச்சோளத்தில் கரைத்துத் தெளித்தோம், தொட்டி நீளத்தைக் கூட்டி எல்லாம் ஒரே நேரத்தில் வாய் வைக்கும்படி இடம் செய்தோம்.

முதல் நாள் நோயிலிருந்த இரண்டில் எஞ்சிய ஆட்டுக்கு இதோடு நரம்பு வழியாகத் திரவமும் ஏற்றினோம். அது பிழைத்தது. எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க வெற்றி இல்லை அது, பாதி அதிர்ஷ்டம்.

அடுத்த வாரங்கள்

தீவனத்தை நிறுத்தினாலே சாவு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். கல்லீரலில் ஏறியது அங்கேயே இருக்கிறது, இன்னும் பல வாரம் உடையலாம். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பண்ணையாளர்கள் இரண்டாம் வாரத்தில் நம்பிக்கை இழந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

சொன்னபடியே நடந்தது. அடுத்த ஐந்து வாரத்தில் மேலும் நான்கு ஆடுகள் செத்தன. அவற்றில் மூன்று, மருந்தைத் தீவனத்தில் பெற்ற கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒரு சாவு, நாய் பட்டிக்குள் புகுந்து ஆடுகளை விரட்டிய மறுநாள். மொத்தம் எட்டுப் பெட்டைகள் போயின, 56 மிஞ்சின. கிடாக்கள் மூன்றும் நலம். அவற்றைத் தனிக் கொட்டிலில் வைத்திருந்ததால் அடர்தீவனமும் உப்பும் அங்கே போகவில்லை. இதையே ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று வாரத்துக்குப் பிறகு மாலிப்டேட்டைத் தொடரலாமே என்று அந்த அம்மா விரும்பினார், பயம் விலகவில்லை. நான் மறுத்தேன். தாமிரம் ஆட்டுக்கு நஞ்சு மட்டுமல்ல, அது இல்லாவிட்டாலும் கேடு. சினை ஆட்டுக்குத் தாமிரம் குறைந்தால் குட்டியின் நரம்பு மண்டலம் சரியாக உருவாகாது. பிறந்த குட்டி பின்னங்கால் தள்ளாடி நடக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் இப்படிக் குட்டிகள் தள்ளாடிச் செத்ததற்குத் தாமிரக் குறைவே காரணம் என்று பென்னட்சும் சாப்மனும் 1937-இல் காட்டினார்கள். ரோமத்திலும் அது தெரியும்: இயல்பான சுருள் போய்க் கம்பிபோல் நேராகும், கறுப்பு ஆட்டின் ரோமம் நிறம் இழக்கும். மருந்தை நீட்டியிருந்தால் ஒரு பள்ளத்திலிருந்து எழுந்து எதிர்ப்பள்ளத்தில் விழுந்திருப்போம்.

குட்டிகளும் ரோமமும்

இரண்டு ஆடுகள் குட்டியைக் காலத்துக்கு முன் போட்டன; இரண்டும் நொதி ஏறியிருந்த கூட்டம். மற்றவை காலத்தில் ஈன்றன. குட்டிகளின் எடை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவு, நோய்க்கும் தீவன மாற்றத்துக்கும் அது எதிர்பார்த்ததே. தள்ளாடும் குட்டி ஒன்றும் இல்லை.

ரோமத்தில் இந்த நோயின் சுவடு அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. கத்தரித்த ரோமத்தில் ஒரு குஞ்சத்தை இரு முனையிலும் பிடித்துச் சுண்டி இழுத்தால், பிழைத்த அந்த ஆட்டினுடையதும் நொதி ஏறியிருந்த பலவற்றினுடையதும் ஒரே இடத்தில், கத்தரித்த சில வாரத்தில் வளர்ந்த பகுதியில், அறுந்தன. உடம்பு நலிந்த நாட்களில் இழை மெலிந்திருக்கிறது. இப்படிப்பட்ட ரோமம் சீவும்போது துண்டாகும் என்பதால் தரம் பிரிப்பவர் தனியாக ஒதுக்கினார். இந்த நட்டத்தை முதலில் யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை.

என்ன மாறியது

ஆடுகளுக்குத் தனித் தீவனம், தனித் தாது உப்பு; இரண்டிலும் தாமிரம் சேர்க்கப்படவில்லை என்று சீட்டில் எழுதியிருப்பதை மட்டுமே வாங்குகிறார்கள். சீட்டு போதாது என்பதால் புதிய வகைத் தீவனம் வரும்போது ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இருப்பறையில் ஆட்டுச் சாக்குகள் ஒரு பக்கம், மாட்டுச் சாக்குகள் மறுபக்கம், நடுவில் ஒரு பலகை. அள்ளும் கிண்ணங்கள்கூட வேறு நிறம். குளம்பு அழுகலுக்கு மயில்துத்தம் போய் 10 விழுக்காட்டுத் துத்தநாக சல்பேட் வந்தது. தொட்டிக்கு வெளியே ஆடுகளின் காலிலிருந்து கரைசல் சொட்டிக் காய்ந்து போகக் கான்கிரீட் தளம் போட்டார்கள்.

மாட்டுச் சாணம் விழும் மேய்ச்சலில் ஆடுகளை விடலாமா என்ற கேள்வியும் வந்தது. விடலாம் என்றேன். பன்றி, கோழிக் கழிவு என்றால் யோசிக்க வேண்டும். அவற்றின் தீவனத்தில் தாமிரம் மிகுதியாக இருந்தால் கழிவும் அப்படியே இருக்கும்.

கண்காணிப்புக்கு ரத்தத்தை நம்பாமல், ஆண்டுதோறும் கழிக்கும் ஆடுகளின் கல்லீரல் துண்டுகளை அனுப்பச் சொன்னேன். நிகழ்வுக்கு ஏழு மாதம் கழித்து, இறைச்சிக்கு விற்கக் கூடாது என்று நான் குறித்த காலமும் முடிந்த பின், கழித்த நான்கு ஆடுகளில் ஒன்றில் இன்னும் 180 மி.கி. இருந்தது. மற்றவை 90-க்கும் 140-க்கும் இடையில். ஏறியது இறங்கப் பல மாதம் எடுக்கிறது. அந்த நான்கின் ஈரலையும் உணவுக்கு விடாமல் அழித்தோம்.

இதே நிலைமை மீண்டும் வந்தால் ஒன்றை வேறு மாதிரி செய்வேன். முந்தித் தின்பவை எவை என்ற கணிப்பை நம்பிக் கூட்டத்தைப் பிரிக்காமல், எல்லா ஆடுகளுக்கும் ஒரே முறை ரத்தம் எடுத்து, நொதி அளவை வைத்துப் பிரிப்பேன். ஒரே ஒருமுறை பிடிப்பதன் அதிர்ச்சியைவிட, தவறான கூட்டத்தில் நின்றதன் விலை அதிகம் என்று இந்த நான்கு சாவுகளைப் பார்த்தபின் தோன்றுகிறது. நூற்றுக்கணக்கான ஆடுகள் உள்ள மந்தை என்றால் இந்த வழி ஒத்துவராது. அங்கே தொட்டி நீளத்தைக் கூட்டித் தீவனம் வழியாகவே கொடுப்பதுதான் நடக்கக்கூடியது.

பண்ணைக்காரருக்கு மாட்டு உப்பில் இன்னும் நம்பிக்கை போகவில்லை. மாடுகளுக்கு அது தேவை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. தட்டை ஆடு எட்டாத உயரத்தில் கட்டியிருக்கிறார்.